ஹீட்டரில் வந்த குளிர்ந்த காற்று

என் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். வயது நாற்பத்தாறு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகப் பயிற்சியாளராக இருக்கிறேன். இறந்துபோனவர் என் மாமனார். புகார் கொடுத்திருப்பவர் என் மனைவியின் தம்பி. நடந்ததை வரிசையாக, எதையும் விடாமல் சொல்லும்படி அதிகாரி கேட்டதன்பேரில் சொல்கிறேன்.

மாமனார் எங்களுடன்தான் இருந்தார். ஏழு பேர் உட்காரக்கூடிய அந்தப் பெரிய வண்டி அவருடையது. அதற்குப் பதினான்கு வயது. விற்றுவிடும்படி மைத்துனர் போனில் நச்சரிப்பதும், "மொதல்ல என்னை வித்துடு, அப்புறம் அதப் பாக்கலாம்" என்று இவர் சிரிப்பதும் வாராவாரம் நடக்கும். அவரைத் தவிர யாரும் அதை எடுப்பதில்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தே பிழைக்கிற என்னையும் பக்கத்து சீட்டில்தான் உட்காரவைப்பார். "வாத்தியாரே, மார்க் போடுங்க" என்று கிண்டல் வேறு.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு வாசலில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு நானும் என் மனைவியும் வெளியே வந்தோம். மாமனார் வண்டியின் முன்சக்கரத்தில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. பேச்சு வரவில்லை. பக்கத்தில் ஐந்து லிட்டர் கேன் ஒன்று, நிறையத் தண்ணீருடன், மூடியோடு கிடந்தது. செடிக்கு ஊற்றப் போயிருக்கிறார் என்று நினைத்தோம். காலில் தட்டாமல் இருக்க என் மனைவி அதைத் தூக்கிச் செடிகளின் பக்கம் வைத்தாள். அதன் பிறகு ஆம்புலன்சுக்குப் போன் செய்ததில், வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். மருத்துவமனை இருபத்திரண்டு கிலோமீட்டர். அதன் பிறகு அவர் சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்து, அவரைப் பின்சீட்டில் என் மனைவியின் மடியில் படுக்கவைத்து, வண்டியை எடுத்தேன்.

என்னிடம் பழக வருகிறவர் யாரையும், போனட்டைத் திறந்து தண்ணீரும் ஆயிலும் பார்க்காமல் சாவியைத் தொட விட மாட்டேன். அன்று நான் போனட்டைத் திறக்கவில்லை. இது புகாரில் இல்லை. நானாகத்தான் சொல்கிறேன்.

எட்டாவது கிலோமீட்டரில், மேம்பாலம் ஏறும்போது, டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டுக்குப் போனது. ஏசியை நிறுத்தினேன். முள் இறங்கவில்லை. நிறுத்தினால் ரேடியேட்டர் ஆற அரைமணி நேரமாவது வேண்டும். சூட்டோடு மூடியைத் திருகினால் கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும். அந்த அரைமணி நேரம் அவரிடம் இல்லை. இந்த நிலையில் ஓட்டுநர்கள் செய்வது, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுவது. இஞ்சினின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்துவிடும், வண்டி இன்னும் சிறிது தூரம் ஓடும். கண்ணாடிகள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஹீட்டரைப் போட்டேன். நெஞ்சுவலிக்காரரை வைத்துக்கொண்டு ஹீட்டர் போட்டதாகப் புகாரில் உள்ளது உண்மை.

"ஐயோ, அத நிறுத்துங்க. அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுது" என்று என் மனைவி கத்தினாள். "நிறுத்தினா வண்டி நின்னுடும்மா" என்றேன். முள் ஒரு கோடு இறங்கியது. அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது அதைச் சொல்லக் கூசுகிறது.

அதன் பிறகு நான்கு கிலோமீட்டர் போயிருப்போம். ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. "அப்பாடா, நிறுத்திட்டீங்களா" என்று என் மனைவி அவர் முகத்தை முந்தானையால் துடைத்தாள். நான் நிறுத்தவில்லை. ஹீட்டருக்குச் சூடு தரும் ரேடியேட்டர் தண்ணீர் சுத்தமாகத் தீர்ந்தால்தான் அதில் அப்படிக் காற்று வரும். அவளிடம் ஆமாம் என்றேன். ஒரு நிமிடத்தில் இஞ்சின் இறுகி நின்றது.

அதன் பிறகு சாலையின் நடுவில் நின்று கையை ஆட்டினேன். போனட்டிலிருந்து வந்த புகையைப் பார்த்துத் தீப்பிடித்துவிடும் என்று பயந்தோ என்னவோ, எல்லோரும் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். பதினேழு நிமிடம் கழித்து மெத்தை ஏற்றிவந்த வேன் ஒன்று நின்றது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது மெத்தையில் அவரைப் படுக்கவைத்தோம். வழியிலேயே உயிர் போய்விட்டதாக டாக்டர் சொன்னார்.

நேற்று, வண்டியை இழுத்துவந்து விட்டிருந்த, மாமனாரின் வழக்கமான பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். "ரேடியேட்டர்ல அடிப்பக்கம் விரிசல் சார். பெரியவர்கிட்ட மாத்தச் சொன்னேன். மாத்தணும்னு தெரிஞ்சா பையன் வண்டிய வித்துடுவான், வீட்ல யாருக்கும் சொல்லாதன்னாரு. ஒரு மாசமா தெனம் காலைல அஞ்சு லிட்டர் ஊத்திட்டுத்தான் எடுத்தாரு. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். அதன் பிறகு வீட்டுக்கு வந்தேன். கேன் செடிகளின் பக்கம் அப்படியே இருந்தது. மூடியைத் திறந்து தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டேன். மெக்கானிக் சொன்னதை என் மனைவியிடம் சொல்லவில்லை.

இந்த வாக்குமூலத்தின் நகல் புகார்தாரருக்கு, அதாவது என் மைத்துனருக்குக் கொடுக்கப்படும் என்று இப்போதுதான் அதிகாரி சொல்லத் தெரிந்துகொண்டேன். அவர் படித்தால் அக்காளிடம் சொல்லாமல் இருக்க மாட்டார். எனவே, கேனை எடுத்து வைத்தது என் மனைவி என்று மேலே உள்ளதை அடித்துவிட்டு, நான் என்று எழுதும்படி கேட்டுக்கொண்டேன். எழுதியதை அடிக்க முடியாது, வேண்டுமானால் சேர்த்துச் சொல்லலாம் என்றார். சேர்த்துச் சொல்கிறேன். கேனை அங்கிருந்து எடுத்தது நான். தண்ணீர் பார்க்காமல் வண்டியை எடுத்ததும் நான். இதற்காக என் மனைவியை அழைத்து விசாரிக்க வேண்டாம்.

படித்துக் காட்டக் கேட்டேன். கேனை எடுத்தவர் யார் என்ற ஒரு விஷயம் நீங்கலாக, மேலே உள்ள அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)