நோராவுக்குச் சொன்ன பதில்

— “2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு, காலை ஒன்பது மணி, கீழ்வேளூர் சபை. அயர்லாந்து சிறுவர் முகாம்களில் ஆறு வாரம் ஊழியம் செய்து திரும்பிய சகோதரி தமிழ்நிலாவின் சாட்சி.” சரியா இருக்கா பாப்பா? அப்படியே போர்டுல எழுதிட்டேன்.

— அழிச்சிடுங்கப்பா.

— நல்லா இருக்கே. போதகர் ஐயா ரெண்டு தடவ கேட்டுட்டாரு. விதைப்ப அப்படியே போட்டுட்டு, கால்ல சேத்தோட போய் எழுதிட்டு வர்றேன். நீ பேசப்போறது ஆகக்கூடி பத்து நிமிசம். உபதேசியார் மகளே பேசலன்னா, நான் நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஜெபம் சொல்றது?

— என்னத்தப் பேச? எழுபது பிள்ளைங்களுக்கு ரொட்டியில வெண்ணெ தடவுனேன். ஈரச் சாக்ஸ காயப் போட்டேன். கூடாரம் ஒழுகுச்சு, வாளி வச்சேன். இதான் என் சாட்சி.

— கோடை முகாம்னாங்க?

— அவங்க கோடைக்கு நம்ம ஐப்பசி தேவலாம்.

— எத்தன பிள்ளைங்க ஆண்டவர ஏத்துக்கிட்டாங்கன்னு ஐயா கேப்பாரு.

— எண்ணலப்பா. சாக்ஸத்தான் எண்ணுனேன், ஜோடி சேராது.

— சரி, ஏன் இப்படி இளைச்சுப் போயி வந்திருக்க? சோறு போடலயா?

— போட்டாங்க. இன்னும் வேணுமான்னு கேப்பாங்க. நான் தலைய இப்படி ரெண்டு பக்கமும் சாய்ச்சு ஆட்டுவேன். சட்டிய எடுத்துட்டுப் போயிடுவாங்க. அஞ்சு வாரம் இதே கத. அந்த ஊர்ல தலை பக்கவாட்டுல அசைஞ்சாலே வேணாம்னு அர்த்தமாம். கடைசியில சமையல்கார அம்மாவே கேட்டுட்டாங்க, ஏம்மா நீ எதையுமே ரெண்டாவது வாங்க மாட்டேங்குறன்னு.

— வாயத் தொறந்து கேக்குறதுக்கு என்ன? எம்.எஸ்ஸி. படிச்ச பிள்ள. இத நாளைக்குச் சொல்லு, சபையே சிரிக்கும்.

— நானும் சிரிச்சேன். அன்னிக்கு சாயங்காலம் தட்டு கழுவிக்கிட்டு இருக்கும்போதுதான் நோரா ஞாபகம் வந்துச்சு.

— அது யாரு?

— மூணாவது வாரம் வந்துட்டுப் போன பிள்ள. எட்டு வயசு. இந்த ஜனவரியில அவ அம்மா போயிட்டாங்க. ஒரு நாள் மௌன ஜெபம், யாரும் பேசக் கூடாது. பக்கத்துல வந்து உக்காந்து என் காதுல கேட்டா, நான் பேசுறது எங்கம்மாவுக்குக் கேக்குமான்னு.

— நீ என்ன சொன்ன?

— பேசக் கூடாதுல்ல. தலைய ஆட்டுனேன். நம்ம ஆட்டுற மாதிரி.

— அடக் கடவுளே. அந்தப் பிள்ளைக்கு அது கேக்காதுன்னு ஆயிருக்கும்.

— ‘சரி’ன்னா. கண்ண மூடிக்கிட்டா. ஜெபம் பண்றான்னு நெனச்சேன்.

— ஒரு போன போட்டு ஆமான்னு சொல்லிடேன்.

— முகாம் முடிஞ்சிட்டா பிள்ளைங்ககிட்ட நாங்க நேரா பேசக் கூடாதுப்பா, அவங்க சட்டம் அப்படி. பொறுப்பாளர் அம்மாவுக்கு எழுதியிருந்தேன். நோரா தப்பா புரிஞ்சிருப்பா, எடுத்துச் சொல்லுங்கன்னு. காலையில பதில் வந்துச்சு.

— என்னவாம்?

— நோராகிட்ட விசாரிச்சாங்களாம். ‘எல்லாரும் கேக்கும், கேக்கும்னாங்க. நிலா ஒருத்திதான் உண்மையச் சொன்னா’ன்னாளாம். அன்னியிலேர்ந்து தூக்கத்துல எழுந்து அழுறது நின்னுடுச்சாம். இப்பப் போயி அத மாத்திச் சொல்லணுமா, வேணாமா? அவ அப்பாவுக்கே எதுன்னு சொல்லத் தெரியலயாம். என்னையே முடிவு பண்ணச் சொல்லியிருக்காங்க.

— இதுல முடிவு பண்ண என்ன இருக்கு? ஆகக்கூடி ஒரு வார்த்த. ஆமான்னு எழுது.

— காலையிலேர்ந்து எழுதி எழுதி அழிக்கிறேன். அலுப்பா இருக்குப்பா.

— உபதேசியாரா சொல்றேன், எழுது.

— உபதேசியாரா சொல்ல வேணாம். அம்மா போன அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல நானும் உங்ககிட்ட இதத்தானே கேட்டேன்?

— கேட்ட.

— எனக்கு ஏழு வயசு. நீங்க வாயத் தொறக்கல, தலையத்தான் ஆட்டுனீங்க. எனக்கு அது போதும்னு இருந்துச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமையே உங்க கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு கோயிலுக்குள்ள போனேன். அதுவரைக்கும் அம்மாவ இறக்கி விட்டுட்டு வெளியில சைக்கிளோட நிப்பீங்க, பீடியப் பத்த வச்சுக்கிட்டு.

— ஆமா. உள்ள வரமாட்டேன்.

— அந்தத் தலையாட்டல நம்பித்தான் அயர்லாந்து வரைக்கும் போனேன். நோராவுக்கும் அதத்தான் குடுத்தேன், அது மாறிப் போயிடுச்சு. சரி, நீங்க சொல்றதுதான் சரி. எழுதிட்டேன். ‘ஆமா, கேக்கும்.’ அனுப்பிடவா?

— இரு பாப்பா.

— இன்னும் என்னப்பா?

— அன்னிக்கு நான் இல்லன்னுதான் தலைய ஆட்டுனேன். நீ கண்ணத் தொடச்சுக்கிட்டு என் மடியிலயே தூங்கிட்ட. எழுப்பித் திருத்தல.