ஸ்டொப் கம்பி

டீசல் காரைக் காலையில் எழுப்பும்போது அவசரப்படக் கூடாது, ஐயா. ஹீட்டரைப் போட்டுவிட்டு உள்ளே சூடேறும்வரை சும்மா இருக்க வேண்டும். பெற்றோல் கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பொறுமை வராது. எனக்கு வந்தது. நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறியே காலத்தைக் கழித்தவன் நான். மை காயும்வரை கையை விலக்கி வைத்திருக்கப் பழகியவன்.

நீங்கள் முதலில் காரைப் பற்றித்தானே கேட்டீர்கள். வாசலில் நிற்கிறதே, அதுதான். ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், டீசல். எல்கடுவப் பக்கத்துத் தோட்டத்துரை ஒருவர் நாட்டைவிட்டுப் போனபோது எழுபத்து நான்கில் வாங்கினேன். அப்போதே அது பழைய கார். பிறகு ஜப்பான் வேன்கள் வந்தன. கந்தோரில் எல்லோரும் கேலி செய்தார்கள். "நாதன் ஐயா, பின்னால தம்புள்ளை லொறி வருதுன்னு நெனச்சு ஓரமா ஒதுங்கினேன். பாத்தா நீங்க" என்பான் பியோன். நானும் சிரிப்பேன். அந்த வேன்களில் பாதி இப்போது மரத்தடியில் கிடக்கின்றன.

இந்த எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கலந்து ஊற்றினாலும் ஓடும். குடும்பத்தோடு அக்கம்பக்கத்தாரையும் ஏற்றிக்கொண்டு உக்குவளை ஏற்றத்தில் முனகிக்கொண்டே ஏறிவிடும். ஒருமுறை பிடித்துவிட்டால் சாவியை உருவினாலும் நிற்காது. டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு கம்பி இருக்கிறது. அதை இழுத்தால்தான் எண்ணெய் தடைப்பட்டு எஞ்சின் ஓயும். ஸ்டொப் கம்பி என்போம். இதை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், தமிழர் வீடுகளைத் தேடிக் கொளுத்தியபோது எங்கள் வீதியும் எரிந்தது. அடுத்த வீட்டுக்காரர் மக்கீன், மிளகு கராம்பு வியாபாரி. காரைத் தன் ஸ்டோருக்குள் விடச் சொல்லி, அதன்மேல் மிளகுச் சாக்குகளை அடுக்கினார். எங்களையும் அதே சாக்குகளுக்குப் பின்னால் உட்கார வைத்தார். கதவைத் தட்டியவர்களிடம், உள்ளே மிளகைத் தவிர ஒன்றுமில்லை என்று சிங்களத்தில் சத்தியம் செய்தார். ஆட்கள் கலைந்ததும் மனைவி சுசீலாதேவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் போனேன். திரும்பி வந்தபோது வீட்டில் சுவர்தான் இருந்தது. கார் இருந்தது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுவது வீடோ காணியோ அல்ல, கூப்பிட்டதும் எழும்புகிற ஒரு வாகனம் என்று அன்று விளங்கிக்கொண்டேன். இதில் தவறு இருப்பதாக எனக்கு இன்றும் படவில்லை.

மக்கீன் மாரடைப்பில் இறந்தார். அவருடைய மனைவி ஹமீமாவும் ஒரே மகன் ஸக்கரியாவும் மிஞ்சினார்கள். ஸக்கரியா கார் ஓட்டப் பழகியது என் காரில்தான். என்னை மாமா என்று கூப்பிடுவான்.

எண்பத்தொன்பதுக் கிளர்ச்சியில் அவனோடு படித்தவர்கள் அரசாங்கத்துக்கு எதிராகச் சுவரொட்டி ஒட்டினார்கள். இவன் பசை வாளியைத் தூக்கினானாம். கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் காணாமற்போனதும், எல்கடுவப் பாதையில் இருந்த தன் வாப்பாவின் மிளகுத் தோட்டத்துக்குள் ஒளிந்துகொண்டான். ஜீப் சத்தம் கேட்டால் மேலே காட்டுக்குள் ஏறிவிடுவான். வெள்ளிதோறும் ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகு ஹமீமாவைச் சோற்றுப் பொதியோடு ஏற்றிக்கொண்டு போவேன். அங்கே நான் ஹோர்ன் அடித்ததில்லை. எஞ்சினை நிறுத்தியதும் இல்லை. பற்றரி பலவீனம், அந்த மேட்டில் தள்ளிவிட ஆள் கிடையாது. சத்தத்தைக் கேட்டுக் கொடிகளுக்குள்ளிருந்து அவனே வருவான்.

"மாமா, இந்தக் காருக்கு ஒளிஞ்சு வாழத் தெரியாது. உக்குவளைல வரக்குள்ளயே எனக்குப் பசி எடுத்துரும்."

"உம்மாவப் பாத்து ஸலாம் சொல்லு முதல்ல. காரோட பிறகு பேசலாம்" என்பார் ஹமீமா.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு ஜீப்பில் சிலர் வந்தார்கள். சீருடை இல்லாத படையாட்கள். மரியாதையானவர்கள்தான். சுசீலாதேவி தேத்தண்ணீர் கொடுத்தாள், குடித்தார்கள். கொஞ்ச நேரம் பேசினோம். பிறகு நான் காரை எடுத்தேன். இரண்டு பேர் பின் சீற்றில் ஏறினார்கள். ஜீப்பைக் கடைசி வளைவுக்குக் கீழேயே நிறுத்தும்படி சொன்னேன். அதன் சத்தம் மேலே கேட்கக் கூடாது.

தோட்டத்தில் வழக்கமான இடத்தில் நிறுத்தினேன். பின்னால் இருந்தவர்கள் குனிந்துகொண்டார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஸக்கரியா கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டே வந்தான்.

"என்ன மாமா, இன்னைக்கு வெள்ளிக்கிழமையா? உம்மா வரல்லயா?"

"பின்னுக்கு இருக்கிறா" என்றேன்.

பின் கதவை அவனே திறந்தான்.

என்னை ஒரு முறை பார்த்தான், அவ்வளவுதான். அவனை என் காரிலேயே போட்டுக்கொண்டு போகத்தான் அவர்கள் நினைத்தார்கள். நான் ஸ்டொப் கம்பியை இழுத்தேன். எஞ்சின் குலுங்கி ஓய்ந்தது. இனி ஹீட்டர் போட வேண்டும், பற்றரியும் சரியில்லை, நேரமெடுக்கும் என்றேன். சூடான டீசல் எஞ்சினுக்கு ஹீட்டரே தேவையில்லை, ஐயா. அது அவர்களுக்குத் தெரியாது. திட்டிக்கொண்டே ஜீப்பை மேலே கூப்பிட்டு அதில் ஏற்றினார்கள். இழுபறியில் அவன் நெற்றி உடைந்திருந்தது. சீற்றுகளுக்கு அப்போதுதான் புது உறை தைத்திருந்தேன்.

அன்றிலிருந்து ஹமீமாவைக் கண்டி, தம்புள்ளை என்று முகாம் முகாமாக நான்தான் கொண்டுபோகிறேன். ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அதே பின் சீற்றில் இருப்பார். "இந்தக் காரும் நீங்களும் இல்லாட்டி நான் எங்க போவேன் அண்ணன்?" என்பார். இந்த விசாரணைக்கு என்னைச் சாட்சியாகக் கொடுத்ததும் அவர்தான். மகனை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லையாம்.

இன்று காலையும் என் காரில்தான் வந்தோம். வெளியே வாங்கில் காத்திருந்தபோது ராசம்மா வந்து ஹமீமாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். தோட்டத்துக்கு மேலே தொழிலாளர் லயத்தில் இருப்பவர். இத்தனை காலம் பயத்தில் வாய் திறக்காதவர். நான் தூணுக்கு அந்தப் பக்கம் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"அன்னைக்கு நீங்க சோறு கொண்டாற காரு சத்தந்தாம்மா மொதல்ல கேட்டுச்சு. புள்ளைக்குச் சோறு வந்துருச்சுன்னு நெனச்சேன். கொஞ்ச நேரத்துல டக்குனு நின்னுருச்சு. அப்புறந்தான் ஜீப்பு ஏறி வந்துச்சு."

ஹமீமா எழுந்து தூணைச் சுற்றி என்னிடம் வந்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அண்ணன், அங்க நீங்க ஒரு நாளும் எஞ்சின நிப்பாட்ட மாட்டீங்களே?"

பதில் சொல்வதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். அதனால்தான் உங்களிடம் ஒழுங்காகச் சொல்கிறேன்.

அவர்கள் மிரட்டினார்களா என்று கேட்கிறீர்கள். இல்லை. எழுதிக்கொள்ளுங்கள். அன்று அவர்கள் ஸக்கரியாவைத் தேடி வரவில்லை. அவன் பெயரே அவர்களுக்குத் தெரியாது. "ரெண்டு நாளைக்குக் காரு வேணும், மஹத்தயா" என்றுதான் கேட்டார்கள். அந்த மாதங்களில் அப்படிப் போன வாகனம் எதுவும் முழுசாகத் திரும்பி வரவில்லை. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மீண்டும் ஒரு ஆடி வந்தால் எதில் ஏற்றுவேன்? காரை விட்டுவிடுங்கள், அதைவிடப் பிரயோசனமான ஒன்றைக் காட்டுகிறேன் என்று நான்தான் சொன்னேன். அவர்களுக்கே ஆச்சரியம். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்கள், காரைத் தொடவில்லை.

என்னை இங்கேயே வைத்துக்கொள்வதானால் சாவியை ஹமீமாவிடம் கொடுத்துவிடுங்கள். யார் ஓட்டினாலும் ஹீட்டர் போட்டுக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். மகனைத் தேடிப் போக அவருக்கு இனிமேலும் ஒரு வாகனம் வேண்டுமே.