திருட்டுப்போன மணப்பெண்

மூன்றாவது பாலத்தில் என் மனைவியைக் கீழே போட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான். இல்வா ஒன்றும் கனமில்லை, ஐம்பத்திரண்டு கிலோ. கல்யாணத்துக்கு முந்தின வாரம் முழுவதும் உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தில் நடந்து பழகினேன். மூட்டை ஒருமுறைகூட விழவில்லை. மூட்டை எதிர்த்துப் பேசாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நீங்கள் சிரிக்கவில்லை. பரவாயில்லை, அதிகாரி அம்மா. பதினோரு வருடமாகக் கல்யாண வீடுகளில் மைக் பிடித்து விளையாட்டு நடத்திப் பிழைக்கிறவன் நான். சிரிக்காத முன்வரிசைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாப்பிள்ளை பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஏழு பாலம் தாண்ட வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, என் கல்யாணத்தில் ஒரு பாலம்கூட வாய்க்கவில்லை. கல்யாணம் நடந்த குல்டீகாவில் அன்று அப்படி ஒரு மழை. சரி, தேனிலவுக்கு ரீகா போகிறோமே, தலைநகரத்தில் பாலத்துக்கா பஞ்சம் என்று ஏழையும் இங்கே வைத்துக்கொண்டோம். பூங்காக் கால்வாய்மேல் இருக்கிற சின்னப் பாலத்தில் ஜோடிகள் பூட்டு மாட்டுகிறார்கள் அல்லவா, அதற்கும் ஒரு பூட்டு வாங்கினேன். மற்றவர்கள் இதய வடிவத்தில் வாங்குவார்கள். நான் மாட்டுக்கொட்டகைக் கதவுக்குப் போடுகிற இரும்புப் பூட்டாக வாங்கி, இரண்டு பேர் பெயரையும் செதுக்கி வைத்திருந்தேன். ஒரு கிலோ இருக்கும். முதல் நாள் சாயங்காலம் பாலத்தில் நின்று, வேடிக்கை காட்டுகிற அவசரத்தில் பூட்டைக் கம்பியில் மாட்டாமலே அழுத்திப் பூட்டிவிட்டுச் சாவியைத் தண்ணீரில் எறிந்துவிட்டேன்.

"இனி இதை எதுல மாட்டுவே? உன் காதுலயா?" என்றாள் இல்வா. பக்கத்தில் நின்ற மாணவர்கள் சிரித்தார்கள். அவளும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அதன் பிறகு பூட்டு என் கோட்டுப் பையிலேயே கிடந்தது. பையின் உள்துணி கிழியாமல் இருக்க, அதை ஒரு கம்பளிக் கையுறைக்குள் போட்டு வைத்தேன். இல்வா எனக்காகவே பின்னியது அந்தக் கையுறை. கல்யாணத்துக்கு வருகிற உறவுகளுக்குக் கொடுக்க நாற்பது ஜோடி பின்னினாள், பாவம், விரலெல்லாம் வீங்கிப்போயிருந்தது. பூட்டு கையுறைக்குள் எப்படி வந்தது என்று நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். இப்படித்தான் வந்தது.

கல்யாணத்தில் பெண்ணைத் திருடினார்கள். எல்லாக் கல்யாணத்திலும் திருடுவதுதான். மாப்பிள்ளையின் கண்ணை மறைத்துப் பெண்ணைத் தூக்கிப் போய் ஒளித்து வைத்து, பாட்டோ ஆட்டமோ வாங்கிக்கொண்டுதான் திருப்பித் தருவார்கள். நூற்று நாற்பது மாப்பிள்ளைகளிடம் நான் மைக்கில் கத்தியிருக்கிறேன், "பொண்டாட்டியக் காணோம், தின்னுட்டே இருக்கியே மாப்ளே" என்று. அன்று என்னிடம் கத்த ஆளில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் கவனித்தேன். போய்ப் பார்த்தால் பழைய மாவு ஆலையில் மூட்டைமேல் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டு, தூக்கிப்போன பையன்களோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "உன்னைத் தூக்கிட்டுப் போனாங்களா, இல்ல நீயா நடந்து போனியா?"

"விளையாட்டுதானே, ரைத்திஸ். தூங்கு."

இது பதிலா, நீங்களே சொல்லுங்கள். மறுபடி கேட்டேன். கேட்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு கேட்பது என் வழக்கம். காலையில் பார்த்தால் அவள் கையில் நான்கு விரல் பதிந்திருந்தது. ஐந்தாவதை எங்கே காணோம் என்று நான் தேடிக் காட்டினேன். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க மாட்டாள், அதுதான் அவளிடம் குறை.

மூன்றாவது பாலத்தின் நடுவில் அவளைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது திரும்பவும் அதையே கேட்டேன். "இறக்கி விடு" என்றாள். எனக்கு அது பதிலாகத் தெரியவில்லை. ஆனாலும் பெண்டாட்டி கேட்டதை உடனே செய்கிறவன் நான். இரண்டு கையையும் விரித்துவிட்டேன்.

கல்லில் கணுக்கால் பட்ட சத்தம், காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடிப்பதுபோலக் கேட்டது. சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள், அதுவும் விளையாட்டு என்று நினைத்து. நான் குனிந்து வணங்கினேன். பழக்கதோஷம்.

ஆஸ்பத்திரி வேண்டாம் என்று முடிவெடுத்தது நான்தான். தேனிலவில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா? மறுநாள் காலையில் கால் பழுத்த பூசணி மாதிரி இருந்தது. ஐஸும் புகையில் வாட்டிய மீனும் அவளுக்குப் பிடித்த குங்குமப்பூ ரொட்டியும் வாங்கிவரச் சந்தைக்குக் கிளம்பினேன். அவள் எழுந்து நடந்து காலைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதே என்று விடுதியின் மூன்றாவது மாடியில் இருந்த எங்கள் அறையை வெளியே பூட்டிவிட்டுப் போனேன். அக்கறையை வேறு எப்படிக் காட்டுவது?

திரும்பி வந்தபோது அறை திறந்திருந்தது. கட்டில் காலி. தரையில் ஒரு செருப்பு மட்டும், வீங்கிய காலுக்கான செருப்பு. விடுதிக்காரம்மா கீழே மாடிப்படியருகில் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"என்ன மாப்ளே, கோட்டை விட்டுட்டீங்களா? பொண்ணைத் திருடிட்டாங்களே!"

"யாரு?"

"சும்மா சொல்லிடுவேனா? ஒரு பாட்டுப் பாடுங்க."

இரண்டு சரணம் பாடினேன். நன்றாகவே பாடினேன், அவர் கூடவே தாளம் போட்டார். "உயரமா ஒரு ஆளு, நரைச்ச மீசை. 'பொண்ணைத் தூக்க வந்திருக்கோம், கதவைத் தொறங்கம்மா, மாப்ளைகிட்ட மூச்சு விடாதீங்க'ன்னாரு. நான்தான் மாத்துச்சாவி போட்டுத் தொறந்துவிட்டேன். எங்க காலத்துல கல்யாணத்தோட சரி, இப்ப தேனிலவுலயும் திருடுறீங்களா?" என்று கண்ணடித்தார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. எழுதும்போது அதைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நரைத்த மீசை என்றதும் தெரிந்துவிட்டது. வில்னிஸ். எங்கள் கல்யாணத்தில் எங்களைக் கைபிடித்து நடத்திய தகப்பன் ஸ்தானத்துக்காரர். அவரும் அவர் மனைவி பெனிதாவும் முப்பது வருடம் சண்டையில்லாமல் குடும்பம் நடத்துகிறவர்கள் என்பதால் நான்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தேன். பந்தியில் நானே மைக்கை நீட்டினேன். "உங்க ரெண்டு பேருக்குள்ள என்ன வந்தாலும் மொதல்ல எங்க வீட்டுக் கதவைத் தட்டுங்க" என்றார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான்கூட.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். கல்யாணக் கோட்டில் மாப்பிள்ளைப் பூங்கொத்து காய்ந்துபோய் இன்னும் குத்தியிருந்தது. அந்தக் கோலத்தில் தெருவில் நடந்தால் ரீகா எவ்வளவு அன்பான ஊர் என்று தெரிந்தது. ஓடிவந்த எனக்காக டிராம் ஓட்டுநர் கதவைத் திறந்துபிடித்துக் காத்திருந்தார்.

"பொண்ணைத் தொலைச்சிட்டியா? ஏறு, ஏறு, சீக்கிரம் போய்ப் பிடி!"

டிராம் முழுக்கச் சிரிப்பு. ஒரு கிழவர் இடம் கொடுத்தார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். எனக்கு அது நான்காவது பாலம். மடியில் செருப்பை மட்டும் வைத்துக்கொண்டு தாண்டினேன்.

ஆற்றுக்கு அக்கரையில், ஆகென்ஸ்கால்ன்ஸ் பகுதியில் அவர்களுடைய மரவீடு. பட்டப்பகல், வாசலில் ஆப்பிள்கள் உதிர்ந்து கிடந்தன. அவர் சொன்னபடியே கதவைத் தட்டினேன். வில்னிஸ் பாதிக் கதவைத் திறந்தார்.

"பாட்டா ஆட்டமா? எது வேணும்னாலும் சரி, கேளுங்க" என்றேன்.

"வீட்டுக்குப் போ, தம்பி."

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. ஏதாவது கேட்டுத்தான் ஆகணும், அதுதானே முறை?"

"முறையெல்லாம் முடிஞ்சுது, ரைத்திஸ். அந்தப் பொண்ணு கையைப் பாத்தேன். காலையும் பாத்தேன். டாக்டருக்குச் சொல்லியாச்சு, போலீசுக்கும் சொல்லப்போறேன். போ."

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க தூக்கிட்டு வந்தீங்களா, அவளா வந்தாளா?"

அவர் கதவைச் சாத்தப் போனார். நூற்று நாற்பது கல்யாணத்தில் மாப்பிள்ளை முகத்தில் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை. செருப்பைக் கதவிடுக்கில் நுழைத்தேன், கதவு மூடவில்லை. பூட்டு கிடந்த கையுறையைப் பையிலிருந்து எடுத்தேன், அதன் மணிக்கட்டுப் பக்கம் கைக்கு வாகாக இருந்தது.

முதல் அடி நெற்றியில் பட்டது. அவர் ஆச்சரியப்பட்டவர்போல அப்படியே உட்கார்ந்தார், நாற்காலி இருக்கிறது என்று நினைத்து உட்காருகிறவர் மாதிரி. பிறகு எழுந்திருக்கப் பார்த்தார். எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம். அவருடைய மீசை எந்தப் பக்கம், கன்னம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் போகும்வரை அடித்தேன் என்று பெனிதா சொல்லியிருக்கிறார். மரியாதைக்குரியவர், பொய் சொல்ல மாட்டார். என் கணக்கில் நான்கு அடி. டாக்டரின் தாளில் பதினொன்று. மேடையில்கூட எனக்கு நேரம் போவது தெரியாது.

கம்பளி நன்றாக உறிஞ்சும். கையுறையில் வெள்ளை நட்சத்திரங்கள் இருந்தன, பிறகு இல்லை.

பெனிதா கொதிக்கிற சூப்புப் பாத்திரத்தை என்மேல் வீசினார். இந்தக் கட்டு அதற்குத்தான். நான் அவரைத் தொடவில்லை. சுவரோரமாகத் தள்ளியது தொடுவதில் சேராது. மாடியில் குளியலறை உள்ளே தாழிட்டிருந்தது. கதவில் வாயை வைத்து, மெதுவாகத்தான் கேட்டேன், "இல்வா, உன்னைத் தூக்கிட்டு வந்தாங்களா, நீயா வந்தியா?" உள்ளே குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும். கதவின் மூன்றாவது பலகை பிளந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பிளவு வழியாக அவள் முழங்கால் மட்டும் தெரிந்தது. நடுங்கிக்கொண்டிருந்தது. ஈரத்தரையில் உட்கார்ந்திருக்கிறாளே, குளிருமே என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

ஆகவே, வில்னிஸை நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முதலில் கைவைத்தது யார் என்றும் எழுத வேண்டும். திருடுபோன பெண்ணை மீட்கப் போனேன். திருடினவர் விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. என் இல்வா தானாக என்னை விட்டுப் போகிறவள் இல்லை. நாற்பது ஜோடி பின்னினவள். அவளைத் தூக்கிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும்.

மூன்று மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் தேநீர் ஆறிவிட்டது. நீங்கள் அவளைப் பார்த்துவிட்டு வந்ததாகக் காவலர் சொன்னார். நீங்களாவது சொல்லுங்கள். தூக்கிக்கொண்டு போனார்களா, அவளாகப் போனாளா?

அதிகாரி அம்மா பேனாவை மூடி வைத்தார்.

"இல்வாதான் போன் பண்ணி வில்னிஸை வரச் சொன்னாங்க. அவர் தூக்கத்தான் வந்தார். வேண்டாம், இனி யாரும் என்னைத் தூக்க வேண்டாம்னுட்டாங்க. உடைஞ்ச காலை ஊனி, மூணு மாடியும் அவங்களா இறங்கிப் போனாங்க."