நாலாவது பதிவு

கொசுவைக்கூட ஒரு தடவை விரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடிப்பேன். அப்படிப்பட்ட ஆள் நான். இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் என்னவோ கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறீர்கள். பரவாயில்லை, சொல்கிறேன்.

அரிய வகை ரத்தம் தேடுகிறவர்களுக்காக நாற்பது இணையக் குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி சர்வர், தனி நிர்வாகி. மேலே தலைமை என்று ஒரு மண்ணும் கிடையாது. ஒன்றில் போட்டால் நாற்பதிலும் தெரியும். அதில் ஒன்று என்னுடையது. நான் ஒருவரைத் தடை செய்தால் மற்ற முப்பத்தொன்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டு தடை செய்துவிடுவார்கள். என் நேர்மைக்கு அவ்வளவு மவுசு. காலை வணக்கப் படம் போட்டதற்காகக் கட்டின மனைவியையே ஒரு வாரம் வெளியே நிறுத்தியவன் நான். அவள் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீடு அமைதியாகத்தான் இருந்தது.

கீழ்வீட்டுத் தையல்காரரின் மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஓ நெகட்டிவ் தீர்ந்துவிட்டது. குழுவில் கேட்டு மூன்று முறை போட்டார். ஒரே வேண்டுகோளை ஒரு நாளில் மூன்று முறைதான் போடலாம் என்பது விதி. மனுஷன் நாலாவதும் போட்டார். தடை செய்தேன். தடை விழுந்தால் பழைய பதிவுகளும் சேர்ந்தே மறையும், நாற்பதிலும்.

எதிர்த்தெரு ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்து மூச்சிரைக்க மாடியேறினார்.

"சார், பதட்டத்துல முதல் மூணுலயும் போன் நம்பர் தப்பாப் போட்டுட்டேன். அதான் திருத்திப் போட்டேன். தடையை எடுத்துடுங்க சார், உங்க கால்ல விழறேன்."

"அதெல்லாம் வேண்டாங்க. மேல்முறையீட்டுப் படிவம் இருக்கு. நிரப்பிக் குடுங்க, மூணு நாள்ல பாத்துடலாம்."

"மூணு நாளா? அவ மூணு மணி நேரம் தாங்க மாட்டா சார்!"

"எல்லாருக்கும் அதே மூணு நாள்தாங்க."

அங்கேயே நின்று நிரப்பினார். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். அதையும் நிரப்ப வைத்தேன்.

போன வருடம் குழுவில் அவர் என்னைச் 'சட்டப்புலி' என்று கிண்டலடித்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மார்ச் ஒன்பது, காலை பதினொன்று நாற்பது. முப்பத்திரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நான் அப்போதே மறந்துவிட்டேன்.

சாயங்காலம் அந்தப் பெண் போய்விட்டாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. சொன்னபடியே மூன்றாம் நாள் தடையை நீக்கினேன். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை அவர்.

என் அடையாள அட்டையைப் புரட்டுகிறீர்கள். நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: அதில் போட்டிருப்பதுபோல என் ரத்தமும் ஓ நெகட்டிவ்தான். அவர் வாசலில் நின்றபோதே அது எனக்கு நினைவிருந்தது. ஆனால் தடை செய்யப்பட்ட ஆளுக்கு நிர்வாகியே ரத்தம் கொடுத்தால், நாளைக்கு என்னை யார் நடுநிலையானவன் என்பார்கள்?