புது ரயிலுக்கு எலுமிச்சம்பழம் வைத்த விவரம்

என் பெயர் ராமாத்தாள், வயது 39, கணவர் பெயர் கந்தசாமி. சொந்த ஊர் ஈரோடு மாவட்டம், கோபி. தற்சமயம் கலிபோர்னியா மாநிலம் லிவர்மோரில், ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் குடியிருந்து வருகிறேன். இன்று, 1998 அக்டோபர் 19-ஆம் தேதி, காலையில் நடந்ததை நகரக் காவல் நிலையத்தில் சொல்கிறேன். எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் கோபமாக இருக்கும்போது தமிழ்தான் ஒழுங்காக வரும் என்பதால், கோயில் கமிட்டி மகாதேவன் எழுதி மொழிபெயர்க்கிறார். எனக்காக, இன்று ஓடத் தொடங்கிய புது ரயிலில் ஏறாமல் வந்திருக்கிறார்.

என் கணவர் சான் ஹோசேயில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மலையைத் தாண்டி தினமும் காரில் போய் வருவார். மூன்று வருடங்களுக்கு முன்பு திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். கார் தடுப்புச் சுவரில் உரசி நின்றது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்றிலிருந்து அவர் வாசலுக்கு வரும்வரை சோறு இறங்காது.

அதன் பிறகு, இந்த வழியாகப் பயணிகள் ரயில் விடலாமா என்று ஊரில் பேச்சு வந்தது. நான் ஒரு கூட்டம் விடாமல் போய் மைக்கைப் பிடித்தேன். கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றவர்களையும் ஆதரவு கேட்டு நச்சரித்தேன். ரயிலம்மா வருகிறாள், ஓடு என்று கேலி பேசினார்கள். பேசட்டும், ரயில் வந்துவிட்டது.

எல்லோருக்கும் நல்லதாக வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கார் நிறுத்துமிடம் கட்ட, பக்கத்து வீட்டு லூபேயின் கார் ரிப்பேர் கடையை எடுத்துக்கொண்டார்கள். அவள் குடும்பம் இங்கே பழைய குடி. அந்தக் காலத்தில் முதல் ரயில் இந்த மலைக்கு வந்தபோது அவள் முன்னோர்களின் மேய்ச்சல் நிலம் போனதாகவும், ஊர் செழித்தது, அவர்கள் கூலிக்குப் போனார்கள் என்றும் கூட்டத்திலேயே சொன்னாள். நான் எழுந்து எதிர்த்துப் பேசினேன். எனக்குத்தான் கைதட்டினார்கள். அதன் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை.

புது வண்டி வாங்கினால் சக்கரத்தின் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு கிளப்புவது எங்கள் வழக்கம். இத்தனை பாடுபட்டு வரவழைத்த ரயிலை வெறுமனே அனுப்ப மனம் வரவில்லை. இன்று காலை என் கணவர் ஏறி உட்கார்ந்ததும், நான் பிளாட்பாரத்தை விட்டு இறங்கி, நின்றிருந்த ரயிலின் முன்சக்கரத்துக்கு எதிரே, குங்குமம் தடவிய ஒரு பழத்தை வைத்தேன். சிவப்பாக ஏதோ உருண்டையை வைக்கிறாள் என்று யாரோ கத்த, காவலர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். ரயிலைக் கவிழ்க்கப் பார்த்ததாக வழக்கு வரும், க்ரீன் கார்டு கிடைக்காது என்று, அதே ரயிலில் ஏற நின்றிருந்த மகாதேவன் காதோரம் சொன்னார்.

வேலியோரம் நின்றிருந்த லூபேயைப் பார்த்து, இவளைத் தெரியுமா என்று காவலர் கேட்டார். என் கதை முடிந்தது என்றே நினைத்தேன். அவள், "இவர்கள் கார் வாங்கியபோதும் இவள் இதையேதான் செய்தாள். இந்த ரயிலைக் கவிழ்க்க ஒருத்தி நினைத்தால் அது நானாகத்தான் இருக்கும், இவள் இல்லை" என்றாள்.

ஓட்டுநர் இறங்கி வந்து பார்த்தார். பழத்தை எடுக்க வேண்டாம், அதன் மேல் ஏற்றிக்கொண்டே போகிறேன் என்றார். அப்படியே போனார். சாறு தெறித்தது. காவலர் ஒரு கையைப் பிடித்திருந்ததால் மறு கையால் தொடையில் தட்டிக் கைதட்டினேன்.

தண்டவாளத்தில் இறங்கியது தவறு, இனி இறங்க மாட்டேன். பழம் வைத்ததும் தவறு என்று எழுதினால் எச்சரித்து அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. அரை மணி நேரம் யோசித்துவிட்டு, வழக்கு இல்லை, போகலாம் என்றார்கள். அடுத்த கூட்டத்தில், கார் நிறுத்துமிடத்திலேயே லூபேக்கு ஒரு கடை கேட்டு மைக்கைப் பிடிக்கப் போகிறேன் என்பதையும் இதில் எழுதச் சொல்கிறேன்.

அதன் பிறகு இங்கிருந்தே கணவரின் ஆபீசுக்குப் போன் செய்தேன். அவர், "ஏறி உக்காந்ததும் தூங்கிப்போயிட்டேன் புள்ள. சான் ஹோசே வந்தப்பறம் கண்டக்டர்தான் எழுப்பிவிட்டாரு. ஏன், எதாச்சும் நடந்துச்சா?" என்றார். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். இந்த வாக்குமூலத்தில் நான் குறிப்பிட்ட பொய் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நடந்தபடியே சொன்னது, வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)
க. ராமாத்தாள்