அவன் சொன்னதும் நான் சொன்னதும்

பேஸ்பால் பார்க்க வருகிறவர்கள் பந்தை எறிகிற பிட்சரைத்தான் பார்ப்பார்கள். அதில் எனக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை. அவனுக்கு எதிரே, மட்டைக்காரனுக்குப் பின்னால், முகமூடி மாட்டிக்கொண்டு குந்தியிருக்கும் கேட்சரை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அடுத்து எந்தப் பந்தை எறிய வேண்டும் என்று தொடைகளுக்கு நடுவே விரல் காட்டிச் சொல்கிறவன் அவன்தான். ஒரு விரல் என்றால் வேகப்பந்து. இரண்டு விரல் என்றால் வளைபந்து. என் இளமை முழுவதும் இந்த வேலையைத்தான் பார்த்தேன். யாரும் குறை சொன்னதில்லை.

நீங்கள் பக்கத்துத் தீவில் போன்ஸே பக்கம் என்று பேச்சிலேயே தெரிகிறது. நல்லது. இந்த விஷயத்தை எங்கள் ஸ்பானிஷ் பாஷையில் கேட்க ஒருவர் வந்திருப்பது இதுதான் முதல் தடவை. கிளப்காரர்கள் இங்கிலீஷில் கேட்டார்கள், நானும் இங்கிலீஷில் பதில் சொன்னேன். அந்த பாஷையில் எதைச் சொன்னாலும் எனக்கு வாய் சுடுவதில்லை.

ரதமேஸ் கீழே உங்கள் காரில் உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முழங்கை வலியை மறைத்துவிட்டான் என்று சொல்லி கிளப் அவனைக் கழற்றிவிட்டது. அவன் மறைக்கவில்லை என்கிறான். அதற்கு சாட்சியாக என் பெயரைக் கொடுத்திருக்கிறான். ஆட்டக்காரர்கள் சங்கத்திலிருந்து நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். ஒரு வரியில் பதில் சொல்லி உங்களை அனுப்பிவிடலாம். அது நியாயமில்லை.

அவன் எங்கள் அணிக்கு வந்தபோது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. நெட்டையாக, கரும்புக் கழி மாதிரி இருப்பான். எங்கள் இருவர் வீட்டுக்கும் ஒரே கரும்பாலைச் சங்குதான் கேட்கும். விமான நிலையத்தில் அவன் அம்மா தோன்யா எனெரிதா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சிசோ தம்பி, இவனுக்கு அங்க வாயே கெடையாது. இனிமே நீதான்யா இவனுக்கு வாய்" என்றார். சரி அக்கா என்றேன். அப்போது அதை மனதாரத்தான் சொன்னேன்.

பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே இருந்த அணி அது. அமெரிக்காவில், சோளக்காட்டுக்கு நடுவே ஓர் ஊர். லாண்டரிக் கடைக்கு மேலே ஓர் அறையில் இருவரும் தங்கியிருந்தோம். அவன் டிவி விளம்பரம் பார்த்து இங்கிலீஷ் கற்றுக்கொள்ளப் பார்த்தான். கடையில் பில் போடும் பெண்ணிடம், "இச்சலுகை இன்று மட்டுமே" என்று பெரிய மனுஷன் போலச் சொன்னான். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த ஊர் தேவாலயத்தில் ஒரு டீச்சரம்மா எங்களைப் போன்றவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார்.

"அண்ணே, நானும் போகட்டா?"

"எதுக்குடா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவன் சிரித்தான். போகவில்லை. களைப்பாக இருப்பவனை மேலும் களைப்பாக்க வேண்டாமே என்றுதான் சொன்னேன். இப்போது உங்களிடம் சொல்லும்போது அது வேறு மாதிரி கேட்கிறது.

அவன் எறிந்த பந்தைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். வேகப்பந்து என் கையுறையில் வந்து விழும்போது உள்ளங்கை வீங்கும். வீக்கம் வலிக்காது, பெருமையாக இருக்கும். மேனேஜர் விட்லாக் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சிசோ, அந்தப் பையன் உனக்கு எறியும்போதுதான் நிதானமா எறியுறான். அதனாலதான் உன்னை வெச்சிருக்கோம். அவன் மேல போனதும் உன் கதையும் முடிஞ்சுது. உனக்கே தெரியும்" என்றார். கெட்ட மனுஷன் இல்லை. முகத்துக்கு நேரே சொல்கிறவர். எனக்கும் தெரியும்தான். நானும் ஒரு தடவை பெரிய லீக்குக்குப் போயிருக்கிறேன். ஒரு வாரம். பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். எங்கள் ஊர் சான் பெத்ரோவில் இன்னும் அந்த ஒரு வாரத்தை வைத்துத்தான் என்னை அறிமுகப்படுத்துவார்கள்.

ஜூன் மாதம் விட்லாக் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். சூரியகாந்தி விதையை மென்று தோலைக் குவளைக்குள் துப்பிக்கொண்டே, "மேல இருந்து கேக்குறாங்க, இவன் தயாரான்னு. அவன் வாயாலேயே கேட்டுச் சொல்லு" என்றார்.

நான் சரியாகத்தான் கேட்டேன். ரதமேஸ் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். "இன்னைக்கே பொட்டியக் கட்டுறேன்னு சொல்லுண்ணே. எவன் மட்டையத் தூக்கிட்டு வந்தாலும் பாத்துக்கறேன்."

விட்லாக் என்னைப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருந்து கத்துக்கணுமாம். அவசரம் இல்லைங்கிறான்" என்றேன்.

அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று பல தடவை யோசித்துவிட்டேன். தயாராக வைத்திருந்ததில்லை. ஆனால் தடுமாறாமல் வந்தது.

"இந்த வயசுல இவ்வளவு பக்குவமா" என்று விட்லாக் அவன் தோளைத் தட்டினார்.

வெளியே வந்ததும் ரதமேஸ் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "என்னண்ணே சொன்னாரு?"

"பக்குவம் பத்தலையாம்."

"தோளத் தட்டுனாரே?"

"ஆறுதலுக்குத் தட்டுனாரு."

அவன் முகம் விழுந்துவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. அதோடு, நான் சொன்னதில் உண்மையும் இருந்தது என்று நினைத்துக்கொண்டேன். காலையில் முட்டை வேண்டும் என்று கேட்கத் தெரியாதவன் மேலே போய் என்ன செய்வான்? அந்த நகரங்கள் இவனை மென்று துப்பிவிடாதா? ஒரு மாதம் தள்ளிப் போனால் குடி முழுகிவிடாது. இப்படி நியாயம் எப்போதும் என் கைவசம் இருந்தது.

ஆனால் அவன் விடவில்லை. "என்ன பத்தலன்னு சொன்னாராண்ணே? சொன்னா சரி பண்ணிருவேன்ல?" என்று பஸ்ஸில், சாப்பாட்டில், குளிக்கிற இடத்தில் கேட்டுக்கொண்டே இருந்தான். ஏதாவது சொல்லியாக வேண்டும். "வளைபந்து" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அவன் வளைபந்தில் ஒரு குறையும் இல்லை.

அன்றிலிருந்து ஆட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் மைதானத்து ஓரத்தில் வளைபந்தாக எறிந்து தள்ளினான். வளைபந்து முழங்கையைத் திருகும். அளவோடு எறிய வேண்டியது. நான்தான் எதிரே குந்தி அத்தனையையும் பிடித்தேன். "போதும்டா" என்று சில நாள் சொன்னேன். "இன்னும் கொஞ்சம்ணே" என்பான். நான் கையுறையை நீட்டுவேன்.

ஜூலையில் ஒருநாள் காபி டம்ளரைக் கீழே போட்டுவிட்டான். "காலைல எந்திரிச்சா சுண்டு விரல் என்னோடது மாதிரியே இல்லண்ணே. முழங்கைக்குள்ள எவனோ ஊசி வெச்சிட்டுப் போன மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட சொல்லுவோம்" என்றான். அவனே சொன்னான். எழுதிக்கொள்ளுங்கள். அவன் எதையும் மறைக்கவில்லை.

கூட்டிக்கொண்டு போனேன். அணியின் வைத்தியர் பெர்ரி முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். கொஞ்சம் இறுக்கமாம் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன்; ஆட்டப் பருவத்தின் பாதியில் எந்த பிட்சருக்கும் அது இருக்கும். அவர் நிமிர்ந்து, "விரல் ஏதாவது மரத்துப்போகுதான்னு கேளு. முக்கியம்" என்றார்.

முழங்கைத் தசைநார் கிழியத் தொடங்கினால் சுண்டு விரலில் தெரியும். எனக்கும் அது தெரியும். எத்தனை பிட்சர்களுக்குப் பிடித்திருக்கிறேன். இவனுக்கு அது இருப்பது தெரிந்தால் அன்றோடு ஓய்வு, சிகிச்சை. அவனுக்கு நான் பிடிக்க வேண்டிய தேவையும் அன்றோடு முடிந்தது.

நான் ரதமேஸிடம் திரும்பி, "நேத்து குடிச்சியான்னு கேக்குறாரு" என்றேன்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெர்ரியின் கண்ணைப் பார்த்துப் பலமாகத் தலையை ஆட்டினான், இல்லவே இல்லை என்று. நெஞ்சில் சிலுவைகூடப் போட்டுக்கொண்டான்.

பெர்ரிக்கும் சிரிப்பு வந்தது. "சத்தியம் வேறயா. சரி, ஐஸ் வெச்சுக்கச் சொல்லு."

ஆகவே, தான் கேட்டதாகவும் அவன் மறுத்ததாகவும் பெர்ரி சொல்வது பொய்யில்லை. அந்த மனுஷனைக் குற்றம் சொல்லாதீர்கள். அன்றைக்கு நான்கூட நான் பொய் சொல்லவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலையாட்டியது அவன்தானே. அறைக்கு வந்ததும் அவன் முழங்கைக்கு ஐஸ் வைத்துக் கட்டிவிட்டேன். கோழிக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். "எங்கம்மா கைப்பக்குவம் மாதிரியே இருக்குண்ணே" என்றான். அந்த வேளையைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மற்றதையெல்லாம் எப்படியோ நினைத்துவிடுகிறேன்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியான ஆட்டம். பெரிய கிளப்பிலிருந்து ஓர் ஆள் வந்து கூரை நிழலில் உட்கார்ந்திருந்தார். ரதமேஸ் உடை மாற்றும் அறையில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு வேணாம்னு தோணுதுண்ணே. ஊசி ரொம்பக் குத்துது. மேனேஜர்கிட்ட கேட்டுப் பாரேன்."

"கேட்டேன்டா. அந்த ஆள் உன்னைப் பாக்கத்தான் வந்திருக்காரு. இன்னைக்கு எறியலைன்னா ஊருக்கு டிக்கெட் போட்டுருவாங்களாம்."

அவன் தேய்ப்பதை நிறுத்தினான். "அம்மாகிட்ட என்னன்னு போய் நிப்பேன்?" என்றான். எழுந்து ஷூ மாட்டினான்.

முதல் நான்கு இன்னிங்ஸ் அவனை யாராலும் தொட முடியவில்லை. வேகப்பந்து போதுமானதாக இருந்தது. ஐந்தாவதில் ஒரு இடதுகை மட்டைக்காரன் வந்தான். ஒன்றும் பெரிய ஆளில்லை. ஒரு விரல் காட்டியிருந்தால் வேலை முடிந்திருக்கும். நான் இரண்டு விரல் காட்டினேன். ரதமேஸ் என்னைப் பார்த்தான். பிட்சருக்குப் பிடிக்காவிட்டால் தலையை அசைத்து மறுக்கலாம், வேறு விரல் காட்டச் சொல்லலாம். அவன் ஒருநாளும் என்னை மறுத்ததில்லை. எறிந்தான். அந்த முதல் வளைபந்தில் அவன் உதடு வெளுத்தது. முகமூடிக்குள்ளிருந்து நன்றாகத் தெரிந்தது. மறுபடி இரண்டு விரல் காட்டினேன்.

சத்தம் கேட்டது. ஈரத்துணியைக் கிழிப்பது போல. பந்து எங்கேயோ போய் விழுந்தது. அவன் பந்தெறியும் மண்மேட்டிலேயே முழங்காலிட்டுக் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டான். முதலில் ஓடிப் போனவன் நான்தான். "மன்னிச்சிருண்ணே, பந்து வழுக்கிருச்சு" என்றான். என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.

அறுவை சிகிச்சைக்கு அப்புறம் கை நீளும், மடங்கும், கரண்டி பிடிக்கும். பந்து போகாது. வலியை மறைத்தவனுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கிளப் கைகழுவிவிட்டது. "நாமதான் சொன்னோமேண்ணே?" என்று கேட்டான். "சொன்னோம்டா. அவங்க காதுல வாங்கல" என்றேன். நம்பினான். அதனால்தான் உங்களை அழைத்து வந்திருக்கிறான். நான் அந்தப் பருவம் முடியும்வரை அணியில் இருந்தேன். புதிதாக வந்த பையன்களுக்குப் பிடித்தேன். இதற்காகத்தான் இவ்வளவும் என்று பார்த்தால், ஆறு வாரம்கூடத் தேறாது.

ஊருக்கு வந்ததும் தோன்யா எனெரிதா என்னைத் தேடி வந்து கையில் முத்தமிட்டார். "நீ மட்டும் இல்லேன்னா எம்புள்ள அங்க அநாதையாக் கெடந்திருப்பான்" என்றார். என் மனைவி பெருமையாக நின்றாள். நான் அந்தக் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஒன்றைச் சொல்லட்டுமா, கையை இழுத்துக்கொள்ளத் தெரியாததற்காகத்தான் நான் அதிகம் வெட்கப்படுகிறேன். மற்றவையெல்லாம் ஒரு நொடியில் நடந்துவிட்டன. அந்த அம்மா வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

பேனாவை மூட வேண்டாம். இன்னும் ஒன்று இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மேனேஜரிடம் எதுவும் கேட்கவில்லை. அவர்தான் என்னைத் தேடி வந்தார். ஆட்டத்துக்கு முன்னால், தண்ணீர் குழாய்ப் பக்கம். "முடிவாயிடுச்சு சிசோ. செவ்வாய்க்கிழமை பையன் மேல போறான். அந்த ஆள் சும்மா கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கார். கையில சின்ன வலி இருந்தாக்கூட இன்னைக்கு எறிய வேண்டாம், அவன் இடம் அவனுக்குத்தான். போ, நீயே சொல்லு. அவன் பாஷையில கேட்டா துள்ளிக் குதிப்பான்" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உடை மாற்றும் அறைக்குப் போனேன். அங்கே நான் சொன்னது என்ன என்று முன்னமே உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் விட்லாக் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "பெரிய லீக்குக்குப் போக வேண்டியவன்டா நீ, இந்நேரம் அங்க இருந்திருப்பே" என்று சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. ரதமேஸ் என் முகத்தைப் பார்த்தான். "தைரியமா இருன்னு சொல்றாரு" என்றேன். அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது. பக்குவம் பத்தாமல்தான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

நீங்கள் இப்போது கீழே போய் இதையெல்லாம் அவனிடம் சொல்லத்தான் வேண்டும். தெரிகிறது. தடுக்கவில்லை. ஆனால் நானும் கூட வருகிறேன். நீங்கள் பக்கத்தில் இருங்கள், நானே அவனுக்குப் பதமாக எடுத்துச் சொல்கிறேன். என்னைப் பற்றி வேறு யார் வந்து என்ன சொன்னாலும் அவன் நம்பமாட்டான்.