ஓரக்குறிப்பு நின்ற இடம்

எனக்குக் கோணல் பிடிக்காது ஐயா. அடுத்தவர் வீட்டுக் காலண்டர் சாய்ந்திருந்தால்கூடக் கை பரபரக்கும். இந்தக் கோச்சபம்பா நகரத்தில் பதினெட்டு வருஷமாகப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கிறேன். இந்த ஓவிதியோவின் பக்கத்தை ஒருவரும் குறை சொன்னதில்லை.

மலை ஊர்ச் சுகாதார நிலையங்களுக்கான மருந்துக் கையேட்டை எழுதியவர் டாக்டர் நில்டா தெராசாஸ். வலிப்பு மருந்துக்கு நேராக ஓரத்தில் ஒரு குறிப்பு: குழந்தைகளுக்குக் கால் பங்கு மட்டும். கம்ப்யூட்டரில் ஓரக்குறிப்பை வரியோடு கட்டிவிடலாம். வரி நகர்ந்தால் அதுவும் கூடவே போகும். ஆனால் மேலே இன்னொரு குறிப்பு இருந்ததால், இது இரண்டு வரி கீழே தள்ளி அசிங்கமாக நின்றது.

"அழகு கெட்டா கெட்டுட்டுப் போவுது ஓவிதியோ. வரியோடயே இருக்கட்டும். நர்சுப் பொண்ணுங்க அழகு பாக்கவா இத வாங்குறாங்க?" என்று டாக்டரம்மா சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் போனதும் வரியோடு இருந்த கட்டை அவிழ்த்து, மேல் குறிப்பைச் சற்று ஏற்றிவிட்டு, பக்கத்தின் மேல்விளிம்பிலிருந்து பன்னிரண்டு சென்டிமீட்டர் என்று அளவு கொடுத்து அறைந்து வைத்தேன். கச்சிதமாக இருந்தது.

அச்சுக்குப் போகும் வாரம் அவர் அதே பக்கத்தின் தலையில் ஆறு வரி சேர்த்தார். எழுத்தெல்லாம் கீழே இறங்கியது, குறிப்பு இறங்கவில்லை. அது இப்போது இருமல் மருந்துக்கு நேராக நின்றது. வலிப்பு மருந்துக்கு நேரே ஒன்றுமில்லை.

மூன்று குழந்தைகள் இறந்தன. நர்சுகள் புத்தகத்தில் உள்ளபடி முழு அளவைத்தான் கொடுத்தார்கள். விசாரணையில், கடைசியாக வரி சேர்த்தது யார் என்று கேட்டீர்கள், டாக்டரம்மா என்றேன். அது பொய்யில்லை. அதை வைத்துத்தான் அவரை உள்ளே போட்டீர்கள். நேற்று போய்ப் பார்த்தேன். "எம்மேலதான் தப்பு ஓவிதியோ. அந்த ஆறு வரிய நான் சேத்திருக்கக் கூடாது" என்றார். அதனால்தான் இன்று மறுபடி உங்களிடம் வந்திருக்கிறேன்.

குறிப்பு இடம் மாறியதை நான் கவனிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை அடித்துவிடுங்கள். கவனித்தேன். சரியான இடத்தில் வைத்தால், ஓரத்தில் நான் பொருத்தியிருந்த மருந்துச் சீசாப் படத்தின்மேல் அது ஏறும். பக்கத்தையே கலைக்க வேண்டும். சிரித்தவர் சொன்னதுதான் சரி என்றாகிவிடும்.

அச்சுக்கு அனுப்பிய காலையில் டாக்டரம்மா போன் செய்தார். "அந்தக் குழந்தைங்க குறிப்பு அதோட எடத்துலதான இருக்கு?" என்று கேட்டார்.

"இருக்கு டாக்டரம்மா" என்றேன். அந்தப் பக்கம் என் முன்னால் திறந்துதான் இருந்தது.